மகிழினி அப்பா கடலில்

மதியம் இரண்டு மணிக்குக் கரைப்பலகை சுற்ற ஆரம்பித்தது.

பெயருக்குத்தான் பலகை. அது போனில் ஓடும் ஒரு ஆப். பாகூர் பக்கத்துக் கரைகளிலிருந்து மீன்பிடி போட்டு கிளம்பும்போது யாராவது ஒருவர் அதில் ‘கடலில்’ என்று அமுக்க வேண்டும். திரும்பி எந்தக் கரையில் ஏறினாலும் அந்தக் கரையின் பொறுப்பாளர் ‘கரையில்’ என்று அமுக்குவார். வீட்டில் இருப்பவர்கள் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் அதன் வேலை. இந்த அவ்வளவுதானை எழுதியவள் அபிதா. பனித்திட்டு என்ற கடற்கரை ஊர்க்காரி, வயது இருபத்தெட்டு. வில்லியனூரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே நாலு மேஜையும் ஒரு ஏசியும் உள்ள கம்பெனியில் வேலை.

அன்றைக்கு ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலத்துக்கு மேல்தான் காற்று என்று சொல்லியிருந்தார்கள். காற்றுக்கு அவ்வளவு பொறுமை இல்லை, மதியமே தெற்கிலிருந்து தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. கடலில் நூற்று அறுபது போட்டு. கரையில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்துத் தேடினார்கள். வட்டம் சுற்றியது, சுற்றியது, நாற்பது நொடி கழித்து ‘மீண்டும் முயலவும்’ என்றது. மீண்டும் முயன்றார்கள். அதனால் இன்னும் அதிகமாகச் சுற்றியது.

அபிதாவின் போன் விடாமல் அடித்தது. அதில் ஒன்று அண்ணியின் குரல். அண்ணன் சிலம்பரசனின் மனைவி விஜயகுமாரி.

“இன்னாடி இது, உன் பலகை சுத்திக்கினே கீது? உங்க அண்ணன் காலையில நாலு மணிக்குப் போனவரு. போனும் போவல.”

“ரெண்டு நிமிஷம் அண்ணி. பாக்குறேன்.”

“ரெண்டு நிமிஷம்னு பத்து பேருகிட்ட சொல்லியிருப்ப. சீக்கிரம் பாருடி.”

பத்து பேர் இல்லை, பதினேழு பேர். அபிதா வேலை பார்த்த மற்ற ஆப்களில் ஏதாவது நின்றுபோனால் யாராவது கடைக்காரர் கத்துவார். இங்கே நின்றால் கத்துவது சொந்த ஊர். கடலில் இருப்பது கூடப்பிறந்தவன்.

சர்வரைப் பார்த்தாள். மூச்சுவிட முடியாமல் கிடந்தது. மூன்று வருஷமாகப் போன போட்டும் வந்த போட்டும், போட்டில் இருக்கும் போன்கள் சிக்னல் கிடைத்தபோதெல்லாம் அனுப்பிய இடக்குறிப்பும் சேர்ந்து டேட்டாபேஸில் எழுபது லட்சம் வரி. யார் எதைத் தேடினாலும் அது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் பதில் சொல்லும். சாதாரண நாளில் நாலு பேர் தேடுவார்கள், தாமதம் தெரியாது. இன்றைக்கு நாலாயிரம் பேர்.

கம்பெனி முதலாளி ராஜ்மோகன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவசரம் என்றால் அவருக்கு ஒரே மருந்துதான் தெரியும்.

“கேச் போட்டுடும்மா. பத்து நிமிஷ வேலை.”

“இண்டெக்ஸ் போட்டுப் பாக்குறேன் சார்.”

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் அம்மா ஒருநாள் கேட்டபோது அபிதா இப்படித்தான் சொன்னாள்: ரேஷன் கடையில் கார்டுகளைக் கொட்டி வைத்திருந்தால் ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும், நம்பர் வாரியாக அடுக்கி வைத்தால் உடனே எடுக்கலாம். அந்த அடுக்குதான் இண்டெக்ஸ். கேச் என்பது வேறு. ஒருத்தர் வந்து கேட்டதற்குச் சொன்ன பதிலைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு, அடுத்தவர் அதையே கேட்டால் உள்ளே போய்ப் பார்க்காமல் அதையே எடுத்து நீட்டுவது. “அதுக்குள்ள உள்ள மாறிட்டிருந்தா?” என்று அம்மா கேட்டாள். பத்தாவதைத் தாண்டாத அம்மாவுக்கு ஒரே நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

அபிதாவுக்கு இண்டெக்ஸ்தான் பிடிக்கும். அது பொய் சொல்லாது. ஆனால் எதை வைத்து அடுக்குவது என்று சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். போட்டுக்குப் பதிவு நம்பர் இருக்கிறது, அதை வைத்து அடுக்கினாள். எழுபது லட்சம் வரியை அடுக்கி முடிக்க இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. அதற்குள் போன் முப்பது தடவை அடித்தது. அடுக்கி முடிந்ததும் தேடிப் பார்த்தாள். வட்டம் அப்படியே சுற்றியது. ஒரு நொடிகூடக் குறையவில்லை.

“இன்னாச்சு?” என்றார் ராஜ்மோகன்.

ஜனங்கள் என்னதான் தேடுகிறார்கள் என்று தேடல் பதிவைத் திறந்து பார்த்தாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பதிவு நம்பரை ஒருத்தர்கூடத் தட்டவில்லை. ‘தர்ஷன் அப்பா.’ ‘கனிஷ்கா அப்பா.’ ‘மகிழினி அப்பா.’ ‘ஹரிணி அப்பா எங்க.’ வரிவரியாகப் பிள்ளைகளின் பேர்.

தேடியவர்கள் பெண்கள். அந்தக் கரையில் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. காலேஜ் படித்தவள்கூடச் சொல்வதில்லை, அதுவும் ஆள் கடலில் இருக்கும்போது சொல்லவே மாட்டாள். வாயால் சொல்லாததை விரலால் மட்டும் தட்டுவாளா? பிள்ளை பேரைச் சொல்லி அப்பா என்பாள். ஆப்பில் ‘குறிப்பு’ என்று அபிதா சும்மா ஒரு பெட்டி வைத்திருந்தாள். மூன்று வருஷமாக ஒவ்வொரு வீட்டிலும் அதில் பிள்ளை பேரை எழுதி, அதை வைத்தே தேடிப் பழகியிருந்தார்கள். அந்தப் பெட்டிக்குள் நடுவில் எங்கேயோ கிடக்கும் பேரை எந்த அடுக்கும் எடுத்துத் தராது. அந்த ஊரிலேயே பிறந்து, அம்மா அப்பாவை ‘அபிதா அப்பா’ என்று கூப்பிடுவதைக் கேட்டே வளர்ந்தவள், போட்டு நம்பரை வைத்து அடுக்கியிருக்கிறாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. அவமானப்பட நேரம் இல்லை.

“மணி மூணு ஆவப்போவுது,” என்றார் ராஜ்மோகன். “கரையில இருக்கறவங்களுக்கு ஏதாச்சும் ஒண்ணு தெரியணும்மா. கேச் போடு. மூணு நிமிஷத்துக்கு வையி. மூணு நிமிஷம் பழசு, அதுல இன்னா ஆயிடப்போவுது?”

மூணு நிமிஷம்தானே என்று அவளும் நினைத்தாள். எதுவும் தெரியாமல் இருப்பதற்கு மூணு நிமிஷத்துக்கு முந்தைய செய்தி எவ்வளவோ மேல். போன வருஷம் டவுனில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு எழுதிக் கொடுத்த கேச் கையில் தயாராக இருந்தது. அதை அப்படியே எடுத்து ஒட்டினாள். மூன்று பதினைந்துக்கு ஏற்றினாள்.

பலகை பட்டென்று வந்தது. தட்டினால் பதில். போன் அடிப்பது குறைந்தது. ராஜ்மோகன் கீழே போய் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டு வந்தார். அபிதா இன்னொரு ஜன்னலைத் திறந்து ‘மகிழினி அப்பா’ என்று தட்டினாள். மகிழினி அவள் அண்ணன் மகள், ஒன்றாம் வகுப்பு.

மகிழினி அப்பா: கடலில்.

அந்த ஜன்னலைப் பத்து நொடிக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கச் சொல்லித் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள். வேலை பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். கடலில். மூன்றரை, கடலில். மூன்றே முக்கால், கடலில். கீழே தெருவில் ஒரு தகரப் பலகை காற்றில் பிய்த்துக்கொண்டு விழுந்தது. நாலு மணிக்குப் பனித்திட்டுப் போட்டுகளில் முக்கால்வாசி கரையில் ஏறிவிட்டன. சிலம்பரசன் இன்னும் கடலில், அவனோடு போன வீரமணியும் கடலில்.

அண்ணி மறுபடி கூப்பிட்டாள். இப்போது கோபம் இல்லை, அழுகைதான்.

“கடல்னே காட்டுதுடி. நானும் பாத்துக்கினேதான் கீறேன். போன கீழ வெக்கல.”

“வந்துடுவாரு அண்ணி. நானும் பாத்துனுதான் இருக்கேன்.”

நாலரைக்கு வந்த போன் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் சுப்புராயனுடையது. அபிதாவுக்கு ஊர் முறையில் பெரியப்பா. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர், அன்றைக்குச் சுற்றி வளைத்தார். அங்கே காற்று எப்படி, மழை வந்துவிட்டதா என்று கேட்டார்.

“இன்னா விஷயம் பெரியப்பா?”

“ஒண்ணுமில்லம்மா. உங்கப்பா போட்டு ஏறிட்டாரு.”

“எந்தப் போட்டு?”

“சிலம்பு இன்னும் வர்லியே. தேடறதுக்குன்னு நாலு பேரு கெளம்பனாங்க. இவரும் ஏறிட்டாரு. நாங்க சொன்னோம்மா. இது தென்காத்து, பையன் கெட்டிக்காரன், காத்த எதுத்துக்கினு இங்க வரமாட்டான், வடக்கால நல்லவாட்டுக் கரையில போயி ஏத்தியிருப்பான், சித்த நேரம் பாக்கலாம்னு சொன்னோம். கேக்கல.”

அபிதா எழுந்து நின்றாள். அவள் அப்பா பக்கிரிக்கு அறுபத்தொரு வயது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருஷம். கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வலை பின்னிக்கொண்டு வீட்டில் இருந்தார்.

“ஏன் பெரியப்பா உட்டீங்க?”

“புடிச்சோம்மா. இன்னா சொன்னாரு தெரியுமா? ‘நல்லவாட்டுல ஏத்தியிருந்தா பலகையில வந்திருக்கும். கடல்னு காட்டுது. எம் பொண்ணு போட்டது, கடல்னா கடல்தான்’னு சொன்னாரு. அதுக்கு மேல நாங்க இன்னாத்த பேசறது?”

போனை வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். திரையின் ஓரத்தில் ஜன்னல் தன் பாட்டுக்குப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. மகிழினி அப்பா: கடலில்.

பெரியப்பா சொன்னது காதிலேயே நின்றது. காற்றை எதிர்த்துக்கொண்டு வரமாட்டான். சிலம்பு முட்டாள் இல்லை. காற்று வடக்கே தள்ளினால் வடக்கே போய் ஏறுகிறவன்தான். ஏறியிருந்தால் நல்லவாட்டுப் பொறுப்பாளர் சூசைநாதன் அமுக்கியிருப்பார். அவர் மறக்கிற ஆள் இல்லை.

ஆப்பை விட்டுவிட்டு நேராக டேட்டாபேஸுக்குள் போய் அண்ணன் போட்டின் வரியை மட்டும் கேட்டாள். அந்த நம்பருக்கு மதியம் போட்ட இண்டெக்ஸ் இருந்ததால் பதில் கண் இமைப்பதற்குள் வந்தது.

கரையில். நல்லவாடு. மூன்று நாற்பத்திரண்டு.

இரண்டு முறை படித்தாள். மணி நாலு நாற்பது. சிலம்பு கரையேறி ஒரு மணி நேரம் ஆகிறது. மூணு நிமிஷம்தான் பழசாக இருக்க வேண்டிய பதில் ஒரு மணி நேரம் எப்படிப் பழசானது? கேச் வைத்த கோப்பைத் திறந்து மேலிருந்து கீழே படித்தாள். பாதியிலேயே கண்ணில் பட்டது.

மூணு நிமிஷம் என்பது கடைசியாக யாராவது பார்த்ததிலிருந்து மூணு நிமிஷம். புடவைக் கடைக்கு அப்படித்தான் எழுதியிருந்தாள். ஜனங்கள் விழுந்து விழுந்து பார்க்கிற புடவை கையிலேயே இருக்கட்டும், யாரும் சீண்டாத புடவை உள்ளே போகட்டும் என்று. பார்க்கப் பார்க்க ஆயுள் நீளும். புடவைக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. இங்கே, புருஷன் வந்து கண்ணெதிரே நின்றவள் போனைக் கீழே வைத்துவிட்டாள், அவளுடைய பதில் மூணு நிமிஷத்தில் செத்துவிட்டது. அதனால் பலகை தப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. வேறு கரையில் ஏறினவனின் பெண்டாட்டிதான் போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எவள் பயந்து பயந்து பார்த்தாளோ அவளுக்குத்தான் பழைய பதில் சாகாமல் இருந்தது.

‘மகிழினி அப்பா’ என்ற பதில் எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று எண்ணிப் பார்த்தாள். தொள்ளாயிரத்துச் சொச்சம். ஒரு பாதி அண்ணியின் போனிலிருந்து. மறுபாதி அவள் உட்கார்ந்திருந்த இந்த லேப்டாப்பிலிருந்து. பத்து நொடிக்கு ஒருமுறை தானே அந்தப் பொய்க்குச் சோறு ஊட்டி வளர்த்திருக்கிறாள். அதை நம்பி அப்பா கடலில் இறங்கிவிட்டார்.

அப்பாவுக்குப் போன் போட்டாள். போகவில்லை. கூடப் போனவர்களுக்குப் போட்டாள், போகவில்லை. சூசைநாதனுக்குப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

“ஆமாம்மா, சிலம்பு இங்கதான் கீறான், வீரமணியும் கீறான். மூணே முக்காலுக்கே சிலம்பு ஏத்திட்டானே. நான்தான் பலகையில அமுக்கனேன். அவன் போன் தண்ணில பூட்ச்சு. ‘பலகையில போட்டாச்சு, வூட்ல பாத்துப்பாங்க’ன்னு டீ குடிச்சிக்கினு உக்காந்துனுகீறான். ஏன்?”

முன்பெல்லாம் கரையேறின உடனே யாரிடமாவது போன் வாங்கி வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்வார்கள். பலகை வந்த பிறகு அது நின்றுபோனது. அதற்குத்தான் பலகையே என்று அவளே ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருந்தாள்.

சிலம்பரசன் போனை வாங்கினான். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் குரல் மாறிவிட்டது.

“அப்பாவா? அப்பா ஏறினாரா? கெளம்பறேன். நான் போயி இட்டாறேன்.”

“டேய், வேணாம்டா! நீ எறங்கனா உன்னத் தேடினு அவரு, அவரத் தேடினு நீயி. கரையிலயே இரு.”

“நெஞ்சுல மிஷின வெச்சிக்கினு போயிருக்காருடி!”

“தெரியுது. நீ எறங்காத. உன் கால்ல வுழறேன்.”

அந்தப் பக்கம் கூச்சல். சூசைநாதன் யாரையோ அதட்டுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார். “இன்ஜின கயட்டி வெச்சிட்டேம்மா. இவன் எங்கயும் போவமுடியாது. பைக்குல பனித்திட்டுக்கு அனுப்பறேன். நீ மத்தத பாரு.”

மத்தது என்றால் இது. இதேபோல எத்தனை வீட்டில் பழைய பதில் உட்கார்ந்திருக்கிறதோ. கேச்சை அணைத்தால் அத்தனை பொய்யும் போகும், ஆனால் பலகை மறுபடி சுற்ற ஆரம்பிக்கும். ராஜ்மோகன் தயங்கினார்.

“வெறும் மூணு நிமிஷம்னு மாத்தி வச்சிக்கலாமே. மொத்தமா எடுத்துட்டா திரும்ப எல்லாம் நின்னுடும்.”

“நிக்கட்டும் சார். தெரியலன்னா ஜனங்க தெரியலன்னு நெனச்சிப்பாங்க. நம்மாளுங்க காத்தப் பாத்து ஒண்ணு முடிவு பண்ணுவாங்க. தப்பாச் சொன்னாதான் கடல்ல எறங்கறாங்க.”

சொல்லிவிட்டு அணைத்தாள். அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. பலகை சுற்றியது, போன் அடித்தது. அபிதா எடுக்கவில்லை. உட்கார்ந்து யோசித்தாள். யோசிக்கிற மூளையை நெஞ்சு இழுத்துக் கடலுக்குக் கொண்டுபோனது, இவள் திருப்பி இழுத்துக்கொண்டு வந்தாள். பெண்கள் பிள்ளை பேரைத்தான் தட்டுவார்கள். அதை மாற்ற இவள் யார்? சரி, தட்டட்டும். ஆனால் எந்த நாளைப் பற்றிக் கேட்கிறார்கள்? இன்றைக்குப் போன ஆளைப் பற்றி. போன மாதம் போய் வந்தவனைப் பற்றி எவளும் கேட்பதில்லை. எழுபது லட்சம் வரியில் இன்றைய வரி பத்தாயிரம்கூடத் தேறாது. முதலில் தேதியை வைத்து அடுக்கி, இன்றைய வரிகளை மட்டும் எடுத்து, அதற்குள் பிள்ளை பேரைத் தேடினால் தீர்ந்தது. மதியம் இரண்டு மணிக்கே தோன்றியிருக்க வேண்டியது. ஜனங்கள் எதைக் கேட்கிறார்கள் என்று பார்க்காமல், தான் எதைக் கேட்பாளோ அதற்கு வழி செய்திருந்தாள்.

தேதி வாரியாக அடுக்கச் சொல்லிவிட்டு, தேடும் வரியைத் திருத்தினாள். அவசரத்தில் மூன்று முறை தப்பாகத் தட்டி மூன்று முறை அழித்தாள். ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு அடுக்கி முடிந்தது. கனிஷ்கா அப்பா, தர்ஷன் அப்பா, ஹரிணி அப்பா என்று வரிசையாகத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் பட்டுப் பட்டென்று வந்தன. கேச் இல்லாமல், இந்த நிமிஷத்துப் பதில்.

அவள் சந்தோஷப்படவில்லை. ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வில்லியனூரிலிருந்து பனித்திட்டுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். கரும்புத் தோட்டங்களெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. கிருமாம்பாக்கத்தில் கிழக்கே திரும்பியதும் காற்று வண்டியைத் தூக்கிப் போடப் பார்த்தது. போகிற வழியெல்லாம் ஒரே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு போனாள். நாலு இருபதுக்குப் போயிருப்பார். ஒரு மணி நேரம் தேடுவார்கள். மகனைக் காணாமல் திரும்பி வர அப்பாவுக்கு மனசு வருமா? இருட்டுகிற வரைக்கும் தேடுவார். தேட அங்கே யாரும் இல்லையே.

கரையில் ஊரே நின்றது. சிலம்பரசன் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்றவனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விஜயகுமாரி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, புருஷன் வந்துவிட்ட சந்தோஷத்தைக் காட்டமுடியாமல் ஒதுங்கி நின்றாள். அபிதாவின் அம்மா கெங்கம்மாள் மணலில் உட்கார்ந்திருந்தாள். கையில் போன். அபிதா பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தாள்.

அம்மா தட்டியிருந்தாள்: அபிதா அப்பா.

பலகை உடனே சொன்னது: கடலில்.

அம்மா மறுபடி தட்டினாள். கடலில். மறுபடி. ஒவ்வொரு முறையும் பதில் நொடியில் வந்தது, ஒவ்வொரு முறையும் அது உண்மையாகவே இருந்தது. தன் பேருக்குப் பக்கத்தில் அந்த வார்த்தையைப் பார்க்க அபிதாவால் முடியவில்லை. அம்மாவின் போனைப் பிடுங்கி வைக்கலாமா என்றுகூட நினைத்தாள். பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறரைக்கு வெளிச்சம் போகிற சமயத்தில் யாரோ கத்தினார்கள். வடகிழக்கில் ஒரு போட்டு தலையைத் தூக்கித் தூக்கி வந்தது. மூன்றாவது அலையில் கவிழப் பார்த்து நிமிர்ந்தது. இளவட்டங்கள் தண்ணீரில் பாய்ந்து இழுத்தார்கள். நாலு பேர் குதித்து இறங்கினார்கள். ஐந்தாவது ஆளை இரண்டு பேர் தோளில் போட்டு இறக்கினார்கள்.

பக்கிரிக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆனால் கண் திறந்திருந்தது. மகனைப் பார்த்தார். நனைந்த கையால் அவன் முகத்தைத் தடவினார். பிறகு கால் மடங்கி மணலில் உட்கார்ந்தார். சுப்புராயன் ஏற்கனவே சொல்லி வைத்திருந்த ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது. ஸ்ட்ரெச்சர் வருகிற இடைவெளியில் அபிதா அவர் எதிரே மண்டியிட்டாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

“அப்பா, பலகை தப்புப்பா. மூணு நாப்பத்திரண்டுக்கே அவன் கரை ஏறிட்டான். நான்தான் பழசையே காட்டிட்டேன். என்னாலதான் நீ போன.”

அவர் அவளையே பார்த்தார். புரிந்துகொள்ள நேரம் பிடித்தது. மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டார்.

“எனக்கு மட்டுமா தப்பா காட்டுச்சி?”

“இல்லப்பா. நல்லவாட்டுல ஏறின எல்லாரு வூட்டுக்கும்.”

“இவங்களுக்குத் தெரியுமா?”

அவள் தலையசைத்தாள். தெரியாது.

“இங்க நின்னுதான் நான் சொன்னேன், எம் பொண்ணு போட்டது, கடல்னா கடல்தான்னு. எல்லாரும் கேட்டாங்க.” கையை மணலில் ஊன்றிக்கொண்டார். “இப்ப நீ நின்னு சொல்லு. நான் போறதுக்குள்ள சொல்லு, நான் கேக்கணும்.”

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அவர் அதில் படுக்காமல் உட்கார்ந்தே இருந்தார். தூக்க வந்தவர்கள் சுப்புராயனைப் பார்த்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

அபிதா எழுந்து ஊரைப் பார்த்துத் திரும்பினாள். காற்றில் துப்பட்டா முகத்தில் அடித்தது, இழுத்துச் செருகிக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஜனத்தின் முன்னால் நின்று, இனிமேல் யாரும் போனுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிக் கைதட்டு வாங்கியவள்.

“பலகை இன்னிக்கு உங்களுக்குத் தப்பா சொல்லிச்சி,” என்றாள். குரல் முன்வரிசைக்கு மேல் போகவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னாள். “தப்பு பலகையோடது இல்ல, என்னுது. இப்ப சரி பண்ணிட்டேன். ஆனா நீங்க அத மட்டும் நம்பி யாரும் கடல்ல எறங்காதீங்க. யாரு எந்தக் கரையில ஏறினாலும் மொதல்ல வூட்டுக்கு ஒரு போன் போடுங்க.”

பக்கிரி ஸ்ட்ரெச்சரில் சாய்ந்து படுத்தார்.